தென்னாப்பிரிக்காவில் பயிற்சி விமானத்துக்கு எரிபொருள் நிரப்புவது எப்படி? புதிதாக வரும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விமானி உரிமம் எடுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துக்கும் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்று பள்ளியில் பத்து முறை சொல்லித் தருவார்கள். முன்பின் தெரியாத ஊரில் தனியாக இறங்கி, அங்கே எரிபொருள் வாங்கி, பணம் கட்டி, ரசீது பெற்று, பொழுது சாய்வதற்குள் திரும்புவது எப்படி என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. சொந்தத் தளத்தில் பவுசர் (எரிபொருள் லாரி) தானாக வந்து நிற்கும், கணக்கு பள்ளியின் பேரில் போகும். அதனால் இது ஒரு வேலை என்றே நமக்குத் தோன்றுவதில்லை. முதல் தனி நெடும்பயணத்தன்று வெளியூர்த் தளத்தில் பூட்டிய பம்பின் முன்னால் நிற்கும்போதுதான் தெரியும்.

நானும் என்னோடு படித்தவர்களும் இதில் நிறையவே அல்லாடினோம். நீங்கள் அல்லாட வேண்டியதில்லை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் பக்கத்தவை. கணக்குகள் செஸ்னா 172எஸ் விமானத்துக்கானவை. உங்கள் விமானத்தின் கையேடும் பள்ளியின் விதியும் இதிலிருந்து மாறினால் அவற்றையே பின்பற்றுங்கள்.

1. முந்தைய நாளே தொலைபேசியில் பேசுங்கள்

எரிபொருள் நிரப்பும் வேலை முந்தைய நாள் காலையில் தொடங்குகிறது. என் அனுபவத்தில் வெளியூரில் மாட்டிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பம்பருகே எதையும் தவறாகச் செய்தவர்கள் அல்லர். முந்தைய நாள் பேசாமல் கிளம்பியவர்கள்.

நாட்டின் வான்வழித் தகவல் நூலில் ஒவ்வொரு தளத்துக்கும் என்ன எரிபொருள் உண்டு என்று போட்டிருக்கும். அது அங்கே பம்பு இருப்பதைச் சொல்லும். நாளைக்கு அதில் எரிபொருள் இருக்குமா என்பதைச் சொல்லாது. என் பள்ளியில் மதுரைக்கார அண்ணன் ஒருவர் இருந்தார். "தம்பி, அவ்கேஸ் இருக்கான்னு கேக்காதே. நாளைக்கு 11 மணிக்கு வர்றேன், 120 லிட்டர் வேணும், யார் வந்து அடிப்பாங்கன்னு கேளு" என்பார். அவ்கேஸ் என்பது விமானப் பெட்ரோல். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிடும். பேசும்போது இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

நாளை உங்களுக்கு வேண்டிய அளவு கையிருப்பு உண்டா? சிறிய தளங்களில் தொட்டி தீர்ந்தால் அடுத்த லாரி வரும்வரை எதுவும் செய்ய முடியாது. நிரப்புகிற ஆள் தளத்திலேயே இருப்பாரா, கூப்பிட்டால்தான் வருவாரா? கூப்பிட்டு வருகிறவர் என்றால் அவருடைய நேரடி எண் வேண்டும். வேலை நேரத்துக்கு வெளியே, ஞாயிறன்று, விடுமுறையன்று வருவதற்குத் தனிக் கட்டணம் உண்டா? சில இடங்களில் அந்தக் கட்டணமே நீங்கள் வாங்கும் எரிபொருளின் விலையை நெருங்கிவிடும். அட்டை எடுப்பார்களா, பணம் மட்டுமா, முன்கூட்டி வங்கி வழியே அனுப்பவேண்டுமா? மின்சாரம் போனால் பம்பு ஓடுமா? நாடு தழுவிய சுழற்சி மின்வெட்டு 2022, 2023 அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் சின்ன ஊர்களில் கம்பி அறுந்து அரை நாள் மின்சாரம் இல்லாமல் போவது சாதாரணம். ஜெனரேட்டர் இல்லாத தளத்தில் தொட்டி நிறைய எரிபொருள் இருந்தும் ஒரு சொட்டுகூட வெளியே வராது.

அடுத்து நோட்டாம், அதாவது விமானிகளுக்கான அவ்வப்போதைய அறிவிப்புகளைப் பாருங்கள். எரிபொருள் இல்லை என்ற அறிவிப்பு அதில்தான் வரும். புதியவர்கள் வழக்கமாகத் தடுமாறுவது நேரத்தில். தகவல் நூலிலும் நோட்டாமிலும் நேரமெல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். தென்னாப்பிரிக்க நேரம் அதைவிட 2 மணி கூடுதல், ஆண்டு முழுவதும் மாறாது. எரிபொருள் 0600 முதல் 1400 வரை என்று போட்டிருந்தால் உள்ளூர்க் கடிகாரப்படி காலை 8 முதல் மாலை 4 வரை. ஊர் நேரம் ஐந்தரை மணி கூடுதல் என்பது மனதில் பதிந்திருப்பதால் நாம் இதில் எளிதாகக் குழம்பிவிடுவோம். கைக்கடிகாரத்தில் ஒன்றை உலகப் பொது நேரத்துக்கு வைத்துவிடுவது நல்லது.

விடுமுறை நாட்காட்டியையும் பாருங்கள். புனித வெள்ளியும் அதையடுத்த திங்களும் இங்கே அரசு விடுமுறை. அந்த வார இறுதியில்தான் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு டர்பன் தமிழர்கள் திரண்டு போவார்கள். கோயிலுக்குப் போக அருமையான நாள். நெடும்பயணத்துக்கு ஏற்ற நாள் அல்ல, கடற்கரையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் சின்னத் தளங்களில் ஆள் இருக்கமாட்டார்கள். செப்டம்பர் 24, டிசம்பர் 16 ஆகிய நாட்களுக்கும் இதே எச்சரிக்கை.

2. உங்கள் விமானத்துக்கு எந்த எரிபொருள் என்று நீங்களே உறுதிசெய்யுங்கள்

பயிற்சிப் பள்ளிகளின் செஸ்னா, பைப்பர் வகைகளுக்குப் பொதுவாக அவ்கேஸ் 100 எல்எல். நீல நிறம், பெட்ரோல் வாடை. ஜெட் ஏ-1 என்பது மண்ணெண்ணெய் வகை. நிறமற்று அல்லது வைக்கோல் நிறத்தில் இருக்கும், தொட்டால் வழவழக்கும். அவ்கேஸ் பம்பின் பெயர்ப்பட்டை சிவப்புப் பின்னணியிலும் ஜெட் ஏ-1 பட்டை கறுப்புப் பின்னணியிலும் இருக்கும். ஜெட்டுக்கான குழாய் வாய் அகலமாக, தட்டையாக இருக்கும். பெட்ரோல் விமானத்தின் டாங்க் வாயில் நுழையாதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் எல்லாத் தளத்திலும் அந்த வாய் பொருத்தப்பட்டிருக்கும் என்று நம்பவேண்டாம்.

இது ஏன் உயிர்ப் பிரச்சினை? பெட்ரோல் எஞ்சின் விமானத்தில் ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. குழாய்களில் மிச்சமிருக்கும் நல்ல பெட்ரோலில் எஞ்சின் ஓடும், ஓடுதளம்வரை போகும், சோதனையிலும் தேறிவிடலாம். மேலேறும்போதுதான் வெடித்து வெடித்து ஓடி நின்றுபோகும். அதுதான் கீழே இறங்க இடமில்லாத நேரம்.

குழப்பம் வருவது பெரும்பாலும் விமானத்தின் தோற்றத்தால். டயமண்ட் டிஏ40 விமானத்தில் அவ்கேஸ் குடிக்கும் வகையும் உண்டு, ஜெட் ஏ-1 குடிக்கும் டீசல் எஞ்சின் வகையும் உண்டு. வெளியே பார்த்தால் ஒரே ஜாடை. எஞ்சின் மூடியில் டர்போ என்று எழுதியிருந்தால் ஜெட் என்று நினைத்துவிடும் ஆட்களும் உண்டு. அதனால் நிரப்புகிறவரிடம் எரிபொருளின் முழுப்பெயரைச் சொல்லுங்கள், அவரைத் திருப்பிச் சொல்லவையுங்கள், பிறகு டாங்க் மூடியருகே ஒட்டியிருக்கும் பட்டையைக் கையால் காட்டுங்கள். மூன்றையும் செய்ய அரை நிமிடம் ஆகாது.

ஸ்லிங் விமானத்தில் பறப்பவர்களுக்கு வேறு கதை. ஜோஹன்னஸ்பர்க்கின் தெற்கே செய்யப்படும் இந்த விமானத்தின் ரோடாக்ஸ் எஞ்சின் கார் பெட்ரோலையே விரும்பும். அவ்கேஸும் ஊற்றலாம், ஆனால் அதிலுள்ள ஈயம் படியும். தொடர்ந்து அவ்கேஸில் ஓட்டினால் எஞ்சின் ஆயிலை 25 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கார் பெட்ரோல் என்றால் 95 என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கடலோரத்தில் 95 பொதுவாகக் கிடைக்கும். உயரமான உள்நாட்டில் 93-தான் சகஜம், நீங்கள் எண் சொல்லாவிட்டால் அதைத்தான் போடுவார்கள். ரோடாக்ஸ் 912 யூஎல்எஸ், ஐஎஸ் இரண்டுக்கும் குறைந்தது 95 வேண்டும்.

பெட்ரோல் பங்கில் கேனில் வாங்கிவர நேர்ந்தால் சில விஷயங்கள். இந்த நாட்டில் பங்கில் நாமே நிரப்பிக்கொள்ள முடியாது, ஊழியர்தான் நிரப்புவார். பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிக்கிறது, மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். விலை ஏறப்போகிறது என்ற செய்தி வந்தால் செவ்வாய் மாலை பங்குகளில் நீண்ட வரிசை நிற்கும், அந்த நேரத்தில் போகாதீர்கள். எரிபொருளுக்கென்றே செய்த கேனைக் கொண்டுபோங்கள், தண்ணீர் கேனில் ஊற்றமாட்டார்கள். நிரப்பும்போது கேனைத் தரையில் வைக்கவேண்டும். பக்கியின் (இங்கே சிறு சரக்கு வண்டிக்கு அதுதான் பெயர்) பின்தட்டில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வைத்தபடி நிரப்பினால் நிலைமின்சாரம் சேர்ந்து தீப்பற்றக்கூடும்.

3. எத்தனை லிட்டர் என்று கிளம்புமுன் கணக்குப் போடுங்கள்

பம்பு லிட்டரில் அளக்கிறது. உங்கள் விமானத்தின் மானி அமெரிக்க கேலனில் காட்டலாம். எடைக் கணக்குத் தாள் பவுண்டிலோ கிலோவிலோ இருக்கும். ஒரு அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அதை இந்தக் கணக்கில் கலக்கவே கூடாது. ஒரு லிட்டர் அவ்கேஸ் ஏறத்தாழ 0.72 கிலோ. இந்த எண்களை முழங்கால் பலகையில் ஒட்டிவையுங்கள்.

உரிமத்துக்கான 150 கடல் மைல் முக்கோணப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஏற்றம், காற்று எல்லாம் சேர்த்து 2 மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு 36 லிட்டர் என்றால் 72 லிட்டர். எஞ்சின் கிளப்பி, தரையில் ஓட்டி, சோதனை செய்ய 5 லிட்டர். போகும் தளத்தில் இறங்க முடியாவிட்டால் திரும்பும் மாற்றுத் தளத்துக்கு 30 நிமிடம், 18 லிட்டர். கடைசிக் கையிருப்பு 45 நிமிடம், 27 லிட்டர். மொத்தம் 122 லிட்டர், எடை சுமார் 88 கிலோ. பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் கையிருப்பு என்பது சர்வதேச அடிப்படை. பள்ளிகள் அதைவிடக் கூடுதலாகவே கேட்கும், அது நியாயம்தான்.

டாங்க் முழுக்க நிரப்பிவிட்டால் என்ன என்று தோன்றும். 172எஸ்-இல் பயன்படுத்தக்கூடிய அளவு 201 லிட்டர், அதாவது 145 கிலோ. டர்பனின் வர்ஜீனியா தளம் கடல் மட்டத்தில் இருக்கிறது, அங்கே அந்த எடை பெரிதாகத் தெரியாது. ஜோஹன்னஸ்பர்க்கின் ரேண்ட் தளம் சுமார் 5,500 அடி உயரத்தில் உள்ளது. வெப்பம் 30 டிகிரி ஆகும் நாளில் அங்கே காற்றின் அடர்த்தி 8,500 அடிக்கு மேல் இருப்பது போலாகிவிடும். பயிற்சியாளர், பை, முழு டாங்க் மூன்றும் சேர்ந்தால் விமானம் தரையை விட்டு எழவே யோசிக்கும். உயரத் தளத்தில் நிரப்பும்போது கணக்குப்படி மட்டும் நிரப்புங்கள். கடற்கரைத் தளத்தில் இரவு நிறுத்துகிறீர்கள் என்றால் நிறைத்து வைப்பதில் ஒரு பயன் உண்டு. டாங்கின் காலியிடத்தில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராவது குறையும். ஆனால் மறுநாள் எங்கே போகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும், ஏற்றியதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

டர்பன் பக்கம் பறப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கடலிலிருந்து தாழ்மேகம் வந்து வர்ஜீனியாவை மூடும் நாளில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் மூடிக்கொள்வது உண்டு. அதை மட்டும் மாற்றுத் தளமாக வைத்து எரிபொருள் கணக்குப் போட்டால் இரண்டும் ஒன்றாகக் கைவிடும். இன்னும் உள்ளே இருக்கும் தளம் ஒன்றுக்குப் போகும் அளவு கையில் இருக்கட்டும்.

கணக்கு முடிந்ததும், எரிபொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குக் கொடுக்கும் பயணத் திட்டத்தின் கடைசிப் பகுதியில் எழுதவேண்டும். மேலே சொன்ன 122 லிட்டரில் தரைச் செலவு போக 117 லிட்டர், அதாவது 3 மணி 15 நிமிடம், 0315 என்று எழுதுவீர்கள். நீங்கள் காணாமல் போனால் தேடுகிறவர்கள் பார்க்கும் எண் அது. வழியில் நிரப்பினால் அடுத்த கட்டத்துக்குப் புதிய எண் கொடுங்கள்.

4. தாள்களும் பணமும்

மாணவ விமானி உரிமம், மருத்துவச் சான்று, பாஸ்போர்ட் அல்லது அதன் சான்றளித்த நகல், பறத்தல் பதிவேடு, பயிற்சியாளர் கையெழுத்திட்ட அனுமதி. இவை எப்படியும் உங்களிடம் இருக்கும். எரிபொருளுக்கென்று கூடுதலாக வேண்டியவை வேறு: விமானத்தின் ஃபோலியோ (ஒவ்வொரு பறத்தலையும் எரிபொருளையும் எழுதும் பதிவேடு), எரிபொருள் அட்டை இருந்தால் அது, பள்ளியின் முழுப் பதிவுப் பெயரும் முகவரியும் வரி எண்ணும் எழுதிய தாள் ஒன்று. விலைப்பட்டியலைப் பள்ளியின் பேரில் போடச் சொல்ல இது இல்லாமல் முடியாது. பெரிய விமான நிலையங்களில் தளத்துக்குள் நடக்க ஒளிரும் மேலங்கி கட்டாயம். அது இல்லாமல் விமானத்தைவிட்டு இறங்கவே விடமாட்டார்கள்.

பணத்தைப் பற்றிக் கிளம்புமுன் பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டியது ஒன்று உண்டு. உங்கள் மணிநேரக் கட்டணத்தில் எரிபொருள் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் வெளியூரில் நீங்கள் வாங்கிய எரிபொருளை எந்த விலைக்குத் திருப்பித் தருவார்கள்? பல இடங்களில் அவர்கள் சொந்தத் தளத்தில் வாங்கும் லிட்டர் விலைக்குத்தான் கணக்குப் போடுவார்கள். உள்நாட்டுத் தளத்தில் விலை கூடுதல் என்றால் வித்தியாசம் உங்கள் தலையில் விழும். கூப்பிட்டு வந்த கட்டணத்தையும் தளத்தில் இறங்கிய கட்டணத்தையும் யார் கட்டுவது என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் சொன்னது மாதக் கடைசியில் கணக்கர் முன்னால் நிற்காது.

இந்திய வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். புதிய அட்டைகளில் அது மூடியேதான் வரும். கடை இயந்திரத்துக்கான தினசரி உச்சவரம்பையும் ஏற்றிவையுங்கள். அதோடு இங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்து அதன் அட்டையைக் கையில் வைப்பதும், முழு நிரப்பலுக்குப் போதுமான ரேண்டைப் பணமாகத் தனியே வைப்பதும் நல்லது. சின்னத் தளங்களில் அட்டை இயந்திரம் இருக்கும், அதற்குத் தொலைபேசி சிக்னல் இருக்காது.

5. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

எரிபொருள் நிறுத்தத்துக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆள் வருவதற்குக் காத்திருத்தல், நிரப்புதல், தண்ணீர் அடியில் தங்க விடுதல், மாதிரி எடுத்தல், பணம், எழுத்து எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு ஆகிவிடும்.

ஜூனில் டர்பனில் மாலை 5 மணி சொச்சத்துக்கே சூரியன் மறைகிறது. இரவில் பறக்கத் தகுதி பெறாத மாணவருக்கு அதுதான் எல்லை. பறக்கும் நேரம் ஒரு மணி, கையிருப்பு வெளிச்சம் ஒரு மணி என்று கழித்தால் 3 மணிக்கு நீங்கள் ஓடுதளத்தில் இருக்கவேண்டும், அதற்கு 2 மணிக்கு முன்பே பம்பருகே நிற்கவேண்டும். கோடையில் வெளிச்சம் நீளும், ஆனால் பிற்பகல் இடிமழை குறுக்கே வரும். மின்னல் அருகில் இருந்தால் எரிபொருள் நிரப்புவதை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். ஆகக் கோடையிலும் காலை நிறுத்தமே மேல்.

6. பம்பருகே

சமதளத்தில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் அளவும் தப்பாகக் காட்டும், நிறைந்த டாங்கிலிருந்து மூச்சுக்குழாய் வழியே ஒழுகவும் செய்யும். எஞ்சின், மின்சாதனம், பற்றவைப்பு எல்லாம் அணைத்து, சாவியை எடுத்து முன்பலகையின் மேல் வெளியே தெரியும்படி வையுங்கள். உள்ளே யாரும் இருக்கக்கூடாது. தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைப்பேசியை விமானத்துக்குள்ளேயே விட்டுவிடுங்கள். நைலான், பாலியஸ்டர் உடை நிலைமின்சாரம் சேர்க்கும், பருத்தி நல்லது.

வணக்கம் சொல்லித் தொடங்குங்கள். சூலு பேசுகிறவரிடம் "சவுபோனா" என்றால் முகம் மலரும். நம் வம்சாவளி ஆளாக இருந்தால், வயதில் பெரியவர் என்றால் "அங்கிள்" என்பதே இங்கத்திய மரியாதை. நான்காம், ஐந்தாம் தலைமுறைத் தமிழர்கள் பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் ஊரைக் கேட்டால் அன்போடு பேசுவார்கள். உங்களுக்காக ஞாயிறன்று வீட்டிலிருந்து வருகிறவர் அவர்.

வேலையின் வரிசை இதுதான். முதலில் எர்த் கம்பியை விமானத்தில் மாட்டவேண்டும். வண்ணம் பூசாத உலோகம் வேண்டும், புகைக்குழாயோ கட்டும் வளையமோ சரி. வண்ணத்தின் மேல் மாட்டிய கம்பி மாட்டாத கம்பிக்குச் சமம். அதன் பிறகுதான் மூடியைத் திறக்கவேண்டும். பம்பின் எண் பூஜ்யத்தில் இருப்பதைப் பாருங்கள். குழாயின் வாய் டாங்க் விளிம்பைத் தொட்டபடி இருக்கட்டும். டாங்க் விளிம்புவரை நிரப்பவிடாதீர்கள், வெயிலில் எரிபொருள் விரிந்து வழியும். முடிந்ததும் மூடியை மூடி, கடைசியாகக் கம்பியைக் கழற்றவேண்டும்.

நிரப்புவது ஊழியர் என்றாலும் நீங்கள் அருகிலேயே நில்லுங்கள், கழிப்பறைக்கும் காப்பிக்கும் பிறகு போகலாம். ஏணியில் ஏறி அளவுகோலால் இரண்டு டாங்கையும் நீங்களே அளந்து பாருங்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் அதற்கென்று குறித்த அளவுகோல் உண்டு, பக்கத்து விமானத்தின் கோலை இரவல் வாங்கக்கூடாது. முன்பிருந்த அளவோடு பம்பு காட்டிய அளவைக் கூட்டினால் கோல் காட்டும் அளவு வரவேண்டும். வராவிட்டால் வரும்வரை கிளம்பவேண்டாம். அளந்ததில் தப்பு இருக்கலாம், அல்லது எங்கோ ஒழுகலாம்.

மூடியையும் நீங்களே கையால் திருகிப் பாருங்கள். சரியாக மூடாத டாங்கிலிருந்து பறக்கும்போது இறக்கையின் மேற்புறக் குறைந்த அழுத்தம் எரிபொருளை உறிஞ்சி வெளியே எடுத்துவிடும். மேலே இறக்கை உள்ள செஸ்னாவில் உள்ளிருந்து அது உங்கள் கண்ணுக்கே தெரியாது.

7. தண்ணீரும் அழுக்கும்

இதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் பெட்ரோலைவிட எடை கூடியது, அடியில் தங்கும், எஞ்சினுக்குப் போகும் குழாயும் அடியில்தான் தொடங்குகிறது. நிரப்பிய உடனே மாதிரி எடுத்தால் கலங்கிய தண்ணீர் இன்னும் இறங்கியிருக்காது. பணம் கட்டுவது, ஃபோலியோ எழுதுவது எல்லாம் முடித்துக் கால் மணி கழித்து வந்து எடுங்கள்.

172எஸ்-இல் மாதிரி எடுக்கும் இடங்கள் 13: ஒவ்வொரு இறக்கைக்கும் கீழே 5, எஞ்சின் பக்கம் அடியில் 3. அத்தனையும் பார்க்கவேண்டும். தெளிவான கோப்பையில் பிடித்து, வானத்தின் வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணியில் பாருங்கள். நீலமாக, ஒரே சீராக, பளிச்சென்று இருக்கவேண்டும். தண்ணீர் இருந்தால் அடியில் குமிழாக உருளும். ஏமாற்றுவது வேறொரு நிலை: கோப்பை முழுக்கத் தண்ணீராக இருந்தால் பிரிகோடே தெரியாது, சுத்தமாக இருப்பது போலவே தோன்றும். அதனால் நிறம் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். நீலம் வெளுத்திருந்தால் ஜெட் கலந்திருக்கக்கூடும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். அவ்கேஸ் ஆவியாகிவிடும், ஜெட் எண்ணெய்க் கறையாக வளையமிட்டு நிற்கும்.

தண்ணீர் வந்தால் தண்ணீர் நிற்கும்வரை எடுங்கள், இறக்கையை மெல்ல ஆட்டி மறுபடி எடுங்கள். நிற்கவில்லையென்றால் பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். எடுத்ததைத் தரையில் கொட்டாதீர்கள். அதில் ஈயம் இருக்கிறது, தளத்தில் அதற்கென்று வாளியோ தகரமோ இருக்கும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

8. ரசீது

அந்த இடத்திலேயே வாங்குங்கள். பிறகு மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டு, பம்பின் எண்ணையும் கையெழுத்திட்ட சீட்டையும் கேளுங்கள். ரசீதில் தேதி, தளத்தின் பெயர், அவ்கேஸ் என்ற பெயர், லிட்டர், லிட்டர் விலை, மொத்தம், விமானத்தின் பதிவெழுத்துகள் இருக்கவேண்டும். இசட்எஸ் அல்லது இசட்யூ என்று தொடங்கும் அந்த எழுத்துகளில் ஒன்று மாறினாலும் பணம் திரும்பி வராது. வெயிலில் வெளுத்துவிடும் தாள் என்பதால் உடனே படம் எடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள், மூலத்தை ஃபோலியோவுக்குள் வையுங்கள். நிரப்பிய அளவையும் கிளம்பும்போது இருந்த மொத்தத்தையும் ஃபோலியோவில் எழுதுங்கள். அடுத்து அந்த விமானத்தை எடுக்கும் மாணவர் உங்கள் எழுத்தை நம்பித்தான் கணக்குப் போடுவார்.

9. கிடைக்காவிட்டால்

ஆள் வரவில்லை, தொட்டி காலி, மின்சாரம் இல்லை. முதலில் கோலால் அளந்து, கையிருப்பைத் தொடாமல் அடுத்த தளத்துக்குப் போகமுடியுமா என்று தாளில் கணக்குப் போடுங்கள், மனக்கணக்கு வேண்டாம். போகமுடியும் என்றால் அந்தத் தளத்தைத் தொலைபேசியில் அழைத்து எரிபொருளை உறுதிசெய்த பிறகு, பயிற்சியாளரின் ஒப்புதலோடு போங்கள். முடியாது என்றால் அங்கேயே தங்கவேண்டியதுதான்.

தங்குவதாக முடிவானதும் பயணத் திட்டத்தை மூடுங்கள், இல்லையென்றால் உங்களைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். பிறகு பள்ளிக்கும் நீங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளருக்கும் சொல்லுங்கள். விமானத்தைக் கட்டிப்போட்டு, கட்டுப்பாட்டுப் பூட்டைப் போடுங்கள். பையில் எப்போதும் ஒரு மாற்றுத் துணி, கைப்பேசி சார்ஜர், ஒரு இரவு அறைக்கான பணம் இருக்கட்டும். தளத்துக்காரர்கள் பெரும்பாலும் ஊருக்குள் அழைத்துப்போய் விடுவார்கள், கேட்கத் தயங்கவேண்டாம். பண்ணைக் கொட்டகையில் பழைய பீப்பாயில் இருக்கிறது, ஊற்றித் தருகிறேன் என்று யாராவது நல்ல மனதோடு சொன்னால் மறுத்துவிடுங்கள். அது எந்த எரிபொருள், எத்தனை மாதம் கிடந்தது, எவ்வளவு தண்ணீர் இறங்கியது என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை எரிபொருள் வந்தபின் மாதிரி எடுப்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தங்கியதற்கான கூடுதல் செலவுக்கும் அன்றே ரசீதுகளோடு பள்ளிக்கு எழுதிவிடுங்கள்.